அந்தோணியார் பெட்டிக்கு ஒரு கண்ணாடி

சிங்கப்பூர் போய்வந்தவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். லண்டன் போய்வந்தவர்கள் புத்தகமே போடுகிறார்கள். நான் பழங்காநத்தம் போய்வந்தேன். மதுரை கோச்சடையில் வீடு, அடுத்த தெருவில் பள்ளிக்கூடம், அதற்கடுத்த தெருவில் கோயில் என்று சுற்றிக்கொண்டிருப்பவனுக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினாலே வெளிநாடுதான். டீ கிளாஸின் அளவு மாறுகிறது. சாம்பாரின் நிறம் மாறுகிறது. நம்மைத் திட்டுகிறவர்களின் குரல் மட்டும் எங்கே போனாலும் ஒரே மாதிரி இருக்கிறது.

பயணத்துக்குக் காரணம் ஓர் எவர்சில்வர் டம்ளர். அதைப் பிடித்திருந்த கை என்னுடையது.

எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். அன்பியத்துக்குச் சொந்தமாக ஒரு முழ உயரத்தில் அந்தோணியார் சொரூபம் உண்டு. கையில் குழந்தை இயேசு, உச்சியில் வட்டமாக மழித்த தலை, முகத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் சலிக்காத ஒரு பொறுமை. தேக்குமரப் பெட்டிக்குள் நிற்பார். பெட்டிக்கு முன்பக்கம் கண்ணாடி போட்ட கதவு. வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே பெட்டியைத் தூக்கிப்போய் அடுத்த வீட்டில் வைத்துவிட்டு வருவோம்.

அந்த வாரம் என் வீட்டு முறை. ஜெபம் முடிந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த பிள்ளைகளில் ஷெரின் என்ற நாலாம் வகுப்புக்காரி, “சார், கண்ணாடிய மண்ணுல இருந்து செய்யிறாங்களாமே, அப்புறம் எப்படி உள்ள இருக்கிறது தெரியுது?” என்று கேட்டாள். அறிவியல் வாத்தியாரிடம் கேட்கக்கூடாத கேள்வியும் இல்லை, கேட்டபிறகு தப்பித்துப் போக வழியும் இல்லை.

நான் ஆரம்பித்தேன். எல்லா மண்ணும் ஆகாது, நல்ல வெள்ளை மணல் வேண்டும். மணலை மட்டும் உருக்க எந்த அடுப்பின் சூடும் லேசில் காணாது. அதனால் சோடா உப்பைச் சேர்ந்த ஒரு சாம்பலைச் சேர்ப்பார்கள், சீக்கிரம் உருகும். அதோடு விட்டால் அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரைந்துபோகும், ஆகவே சுண்ணாம்புக் கல்லும் சேரும். சர்க்கரையைப் பாருங்கள், தனித்தனிப் பரலாக இருக்கும்வரை வெள்ளையாக, உள்ளே எதுவும் தெரியாமல் இருக்கிறது. அதையே பாகாக உருக்கித் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் அடியில் தட்டு தெரிகிறது, தட்டினால் சில்லுச் சில்லாக உடைகிறது. மணலுக்கும் அப்படித்தான். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். வாத்தியார்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

அடுத்ததாக, சூடுபடுத்திச் சட்டென்று மேற்பரப்பை ஆற்றிய கண்ணாடி எளிதில் உடையாது என்று சொன்னேன். அது உண்மை. அந்தோணியார் பெட்டியில் இருப்பதும் அந்த வகைதான் என்றேன். அது உண்மை இல்லை. பெட்டி செய்த ஆனையூர் ஆசாரி, “உடையவே உடையாது சார்” என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. டம்ளரால் ஒரு தட்டு தட்டிக் காட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்து சுண்டல் பக்கம் திரும்புவதுபோல் தெரிந்தது. இன்னொரு தட்டு தட்டினேன்.

அன்று இரவே ஆசாரிக்குப் போன் போட்டேன். “நான் உடையாதுன்னு சொன்னது பெட்டிய சார். தேக்காச்சே” என்றார்.

சாதாரண நாளாக இருந்தால் இதை ஒரு கேலியோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வாரம் ரோஸ்மேரி டீச்சர் வீட்டு முறை. எங்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் தேவசகாயம் அதே பள்ளியில் கிளார்க்காக இருந்தவர். சர்க்கரை வியாதியில் கண் இரண்டும் போய், இப்போது ஆள் அடையாளம்கூடத் தெரிவதில்லை. அடுத்த திங்கட்கிழமை ஒரு கண்ணில் ஆபரேஷன். வரும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. பார்ப்போம் என்றுதான் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தைய இரவு அந்தோணியார் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்று டீச்சர் வீடு வீடாகப் போய்க் கேட்டு முறையை மாற்றி வாங்கியிருந்தார். உடைந்த சத்தம் கேட்டு அடுக்களையில் இருந்து வந்தவர்களில் அவரும் ஒருவர். குனிந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தேறியிருப்பேன்.

அந்தப் பதற்றத்தில் என் வாய் இன்னொரு காரியம் செய்தது. கண்ணாடியை எத்தனை தடவை வேண்டுமானாலும் உருக்கிப் புதிதாகச் செய்யலாம் என்றும் ஐந்து நிமிடம் முன்பு பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ஷெரின், “அப்ப இதயே உருக்கித் திரும்பச் செய்யலாமா சார்?” என்றாள். “அதுக்கென்ன, செஞ்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள மாட்டிருவோம்” என்றேன். அவள் சில்லுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி மூடி, என் கையில் கொடுத்தாள்.

“எங்க உருக்கப் போறீங்க, நம்ம கிரைண்டர்லயா?” என்று என் மனைவி ஸ்டெல்லா கேட்டாள்.

வியாழக்கிழமை காலாண்டு லீவு தொடங்கியது. டப்பாவை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு முதல்நாள் பயணத்தைத் தொடங்கினேன். தேசம்: காஜிமார் தெருவுக்குப் பக்கத்துச் சந்து. அங்கே மைதீன் பாய் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். போகும் வழியில் ஜிகர்தண்டா குடிப்பது பயணிகளின் கடமை என்பதால் குடித்தேன். கனமான கண்ணாடி டம்ளரில் கொடுத்தார்கள். எங்கள் கோச்சடையில் இப்போதெல்லாம் பேப்பர் கப்தான். கண்ணாடி டம்ளரில் பால் ஆடையும் கடற்பாசியும் மெல்ல இறங்குவது தெரிகிறது. குடித்து முடித்தபிறகும் கொஞ்சம் மிச்சம் இருப்பது தெரிந்து வருத்தமாக இருக்கிறது. அதைக் கழுவி அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். உருக்காமலே ஒரு நாளைக்கு நூறு பிறவி எடுக்கும் சாதனம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு குறிப்பு கிடைத்தது.

பாய் கடையில் பெரிய பெரிய கண்ணாடிகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். படுக்கப் போட்டால் தன் கனத்திலேயே முறிந்துவிடுமாம். நான் டப்பாவைத் திறந்து, இதை உருக்க வேண்டும் என்றேன். பாய் உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் டப்பாவைப் பார்த்தார்.

“மதுரையில உருக்குற ஒரே சாமான் வெயிலுதான் சார்” என்றார். “இதுக்கு ஃபேக்டரி வேணும். ராத்திரி பகலா அணையாம எரியும்பாங்க. அதெல்லாம் எங்கயோ தூரத்துல.”

விட்டேனா? தட்டைக் கண்ணாடி எப்படி இத்தனை மட்டமாக வருகிறது தெரியுமா பாய் என்று ஆரம்பித்தேன். உருகிய வெள்ளீயத்தைக் குளம்போல் நிறுத்தி, அதன்மேல் உருகிய கண்ணாடியை ஓடவிடுவார்கள். தண்ணீரின் மேல் எண்ணெய் பரவுவதுபோல் பரவி, இரண்டு பக்கமும் வழவழப்பாக வரும். பிறகு மெதுவாக, மிக மெதுவாக ஆற்றுவார்கள். அவசரப்பட்டு ஆற்றினால் உள்ளுக்குள் இழுபறி தங்கி, தானாகவே விரிசல் விடும். பாய் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“இருக்கும் சார். நமக்கு அது லாரியில வர்றதுதான் தெரியும். அளவு சொல்லுங்க.”

அளவு. அதில் நான் புலி. பெட்டிக் கதவின் திறப்பை இரும்பு ஸ்கேல் வைத்து மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து எழுதி வந்திருந்தேன். பாய் சீட்டைப் பார்த்துவிட்டு, “காடியச் சேத்தா, சேக்காமலா?” என்று கேட்டார்.

காடி என்றால் எனக்குப் புளித்த கஞ்சிதான் தெரியும். ஆனால் அத்தனை நேரம் வெள்ளீயக் குளம் பற்றிப் பேசிவிட்டு, உடனே தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. “எல்லாம் சேத்துத்தான்” என்றேன்.

பாய் கட்டரைச் சீமெண்ணெயில் தொட்டு, மரச்சட்டத்தை ஒட்டி ஒரே இழுப்பு இழுத்தார். கிர்ரென்று ஒரு சின்னச் சத்தம். கண்ணாடியை வெட்டுவதில்லை, மேலே ஒரு கீறல் மட்டும்தான். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்து லேசாக மடக்கியதும் கீறல் போன வழியிலேயே நேராக முறிந்தது. என் டம்ளர் செய்த வேலையையும் இதையும் ஒரே பெயரில் உடைத்தல் என்று சொல்வது நியாயமில்லை.

தினத்தாளில் சுற்றிய கண்ணாடியோடு பஸ் ஏறப் போனேன். “என்னண்ணே அது, கண்ணாடியா? இறங்குங்க. பிரேக் போட்டா யாரு பதில் சொல்றது?” என்றார் கண்டக்டர். அடுத்த பஸ்ஸில் படியிலேயே கையை நீட்டித் தடுத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் இரங்கினார். முழங்கால்களுக்கு நடுவில் கண்ணாடியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முருங்கைக்காய்க் கட்டோடு வந்த ஓர் அம்மா, “யப்பா, தள்ளி ஒக்காருங்க, அண்ணே கண்ணாடி வச்சிருக்காக” என்று எல்லாரையும் ஒதுக்கினார். மேடு வரும்போதெல்லாம், “மெல்லப் போப்பா, அண்ணே கண்ணாடி வச்சிருக்காக.” ஸ்டெல்லா மாசமாக இருந்தபோது நான் அவளை இவ்வளவு கவனமாக ஆட்டோவில் கூட்டிப்போனதில்லை என்று அவளே பிறகு சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கதவில் பொருத்தினேன். கண்ணாடி திறப்பு வழியாகவே உள்ளே போய், அந்தோணியார் காலடியில் சாய்ந்து நின்றது. அப்போதுதான் காடி என்பது சட்டத்தின் உள்ளே கண்ணாடியின் ஓரம் போய் உட்காரும் பள்ளம் என்று எனக்கு விளங்கியது. அதற்கும் சேர்த்து நாலு பக்கமும் அளவு கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் ஸ்டெல்லா. “அவரும் கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை காலையில் வாசலிலேயே ஷெரின் நின்றாள். “உருக்கிட்டாங்களா சார்?” இன்னும் இல்லை, வெளியூர் விஷயம் என்றேன். ரோஸ்மேரி டீச்சரைத் தெருமுனையில் பார்த்தபோது, “ஞாயித்துக்கிழமை ஆயிரும்ல சார்?” என்று மெதுவாகக் கேட்டார். ஆகிவிடும் என்றேன். பாய் கடைக்குப் போனால் ஜும்மா தொழுகைக்குச் சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் காஜிமார் தெருப் பக்கம் கடைக்குப் போகிற அறிவாளி மதுரையில் நான் ஒருவன்தான் இருந்திருப்பேன்.

காத்திருக்கும் நேரத்தில் டப்பா வேலையையாவது முடிப்போம் என்று பழங்காநத்தத்துக்குப் போனேன். அங்கே பழைய பாட்டில் எடுக்கும் கடை ஒன்று இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நெரிசல் என்றால் என்னவென்று அந்த ஊரில் பார்க்க வேண்டும். பிளாட்பாரத்தில் கடை, கடைக்கு முன்னால் வண்டி, வண்டிக்கு முன்னால் ஆடு, ஆட்டுக்குப் பின்னால் நான். தாகத்துக்குக் கோலி சோடா கேட்டேன். கடைக்காரர் உடைத்துத் தர வந்தார். நானே உடைக்கிறேன், காஸ் அழுத்தம்தான் கோலியை வாயோடு ஒட்டிப் பிடித்திருக்கிறது, அறிவியல்தானே என்று சொல்லிக் கட்டைவிரலால் அழுத்தினேன். பாதி சோடா சட்டைக்குப் போனது.

“பரவால்லண்ணே, வெயிலுக்கு நல்லதுதான்” என்றார் அவர். காலி பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேஸில் கவிழ்த்தார். கழுவி, நிரப்பி, மறுபடியும் வரும். வாயோரம் தேய்ந்து மங்கியிருந்த அந்தப் பச்சைப் பாட்டில் எத்தனை பேருடைய சட்டையைப் பார்த்ததோ.

பழைய பாட்டில் கடைக்காரர் இளவயசுக்காரர். டப்பாவைத் திறந்ததும் மூடிவிட்டார். “அண்ணே, இது ஜன்னல் கண்ணாடி ஜாதி. நாங்க பாட்டில் மட்டும்தான் எடுப்போம். ரெண்டும் வேற வேற கலவை, சேத்து உருக்குனா கொழப்பம் பண்ணும்னு திருப்பி விட்டுர்றாங்க. திருமங்கலம் ரோட்டத் தாண்டி எங்க குடோன் இருக்கு, அங்க வேணா கேட்டுப் பாருங்க.” பிறகு டப்பாவையும் ஈரச் சட்டையையும் சேர்த்துப் பார்த்து, “இம்புட்டுக்கா அலையிறீங்க?” என்றார். பாய் கடைக்குத் திரும்பலாம் என்றால், அந்த நெரிசலில் பஸ் நகரவே இல்லை. வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன், ஷெரின் ஜன்னல் வழியாகக் கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

சனிக்கிழமை ஸ்கூட்டர். காலையில் குடோன், மத்தியானம் பாய் கடை என்று திட்டம். ஊர் முடிந்து வயல்காடு வந்ததும் காற்று மாறியது. பருத்திக்கு உழுதுபோட்ட கருப்பு மண், நடுநடுவே வேலிக்கருவேலம், தூரத்தில் ஒற்றைப் பனை. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ரோட்டோரம் பாட்டில் மூடிகளும் உடைந்த கழுத்துகளும் மின்னாமல் இருந்திருந்தால். ராத்திரி குடித்துவிட்டு ஓடும் வண்டியில் இருந்தே வயலுக்குள் வீசுகிறார்கள். காலையில் வெறும் காலோடு இறங்குகிற பெண்களை அவர்கள் பார்ப்பதில்லை.

குடோன் என்பது ஒரு தகரக் கொட்டகையும் அதைச் சுற்றி மூன்று மலைகளும். ஒன்று தேன் நிறம், ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. எனக்கு உண்மையாகவே மூச்சு நின்றது. காலை வெயில் பச்சை மலைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. கையுறையும் பூட்ஸும் போட்ட பெண்கள் உட்கார்ந்து, நிறம் பார்த்துப் பிரித்து, மூடியையும் வளையத்தையும் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பஞ்சவர்ணம் என்ற அம்மா. இரும்பு ஒரு துண்டு போனாலும், பீங்கான் ஒரு சில்லு போனாலும், மொத்த லோடையும் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். பிரித்ததை நொறுக்கி லாரியில் ஏற்றுவார்கள். பழைய கண்ணாடி சேரச் சேர உலைக்கு எரிபொருள் மிச்சம், ஏனென்றால் ஒருதடவை உருகியது அடுத்த தடவை சீக்கிரம் உருகும். இந்தக் கடைசி வாக்கியம் என்னுடையது. அந்த அம்மா அதைக் கேட்டு, “அப்படியா?” என்று மட்டும் சொன்னார்.

“நீங்க உருக்குறதப் பாத்திருக்கீங்களா?” என்று ஆசையாகக் கேட்டேன்.

“எங்க பாக்க? போற லாரியத்தான் பாத்திருக்கேன்.”

பாய் வருகிற லாரியைப் பார்த்திருக்கிறார், இவர் போகிற லாரியை. நடுவில் நடப்பதைப் பற்றி வகுப்பெடுக்கும் நானோ எந்த லாரியையும் பார்த்ததில்லை. டப்பாவை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அந்தோணியார், அன்பியம், டம்ளர் எல்லாவற்றையும்தான். வேலை நின்று, எல்லாரும் கேட்டார்கள். ஒருவர் டம்ளர் இடம் வந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அந்த மூலையில ஜன்னல் கண்ணாடி தனியாக் கெடக்கு. அதுல போடுங்க, சேந்து போகும்” என்றார் பஞ்சவர்ணம். “ஆனா திரும்ப அதே சாமி கண்ணாடியா வரும்னு எதிர்பாக்காதீங்க. என்னவா ஆகும்னு ஆரு கண்டா?”

எனக்கு ஒரு சந்தேகம். “பிராந்தி பாட்டிலா ஆயிருமா?”

அவர் சிரித்துவிட்டார். “ஆகுனாத்தான் என்ன? திரும்ப எங்ககிட்டதான வரும். நாங்க மறுபடியும் அனுப்புவோம். ஒருதடவ இல்லாட்டி ஒருதடவ மருந்து பாட்டிலா ஆகாமலா போயிரும்?”

டப்பாவைக் கவிழ்த்தேன். சலசலவென்று விழுந்து, அந்தக் குவியலோடு கலந்தது. ஷெரினுக்குக் காட்டப் போனில் படம் எடுத்தேன். படத்தில் எது எங்களுடையது என்று எடுத்தவனுக்கே தெரியவில்லை.

திரும்பும் வழியில் பின் டயர் உட்கார்ந்தது. நல்ல வெயிலில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பஞ்சர் கடைக்காரர் டயரில் இருந்து தேன் நிறச் சில்லு ஒன்றைக் குறட்டால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். அதைக் காலி டப்பாவுக்குள் போட்டு மூடிப் பத்திரப்படுத்தினேன். அவர் காரணம் கேட்கவில்லை; கேட்காத மனிதர் நன்றாயிருக்கட்டும். பக்கத்தில் கேப்பக் கூழ் விற்ற அம்மாவிடம் இரண்டு சொம்பு குடித்தேன், மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு. மூன்று நாளில் என்னை ஏமாற்றாத ஒரே திரவம் அதுதான். சிவப்பு மண்ணில் விளைகிற கேப்பையா என்று கேட்டதற்கு, “கடையில வாங்குற கேப்ப தம்பி” என்று சொல்லி என் பயண இலக்கியத்தைக் கெடுத்தார். டியூபும் போயிருந்ததால் வேறு டியூப் வாங்கி வரவே சாயங்காலம் ஆனது. பாய் கடை வாசலில் நான் போய் நின்றபோது ஷட்டர் இறங்கியிருந்தது. நாளை காலை திறப்பார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், கூடவே, “கல்யாண வீட்டுக்குப் போகாம இருந்தா” என்றும் சேர்த்தார்.

அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. இதுவரை கேலியாக இருந்தது, சரியாகிவிடும் என்ற நினைப்பில் இருந்ததால். ஒரு மனுஷி, தன் கணவனுக்காக, ஒரே ஒரு நாளைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். அந்த நாளில் கதவில் ஓட்டையோடு பெட்டியைக் கொண்டுபோய் வைக்கப் போகிறேன். டீச்சர் அதையும் ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொள்வார். அதை நினைத்தபோதுதான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு, பெட்டிக் கதவையே கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பாய் கல்யாண வீட்டுக்குத்தான் போயிருந்தார். காத்திருந்தேன். பிரியாணி வாசனையோடு மூன்று மணிக்கு வந்தவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “காடியச் சேத்துன்னுதான சார் சொன்னீங்க?”

“காடின்னா என்னன்னே எனக்குத் தெரியாது பாய்.”

“அல்லாவே, அத அன்னிக்கே கேட்டிருந்தா ரெண்டு நிமிஷம்.” கிர்ர், ஒரு மடக்கு, முடிந்தது. இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கயிறு கட்டிக் கொடுத்தார். “யாரு வீட்டுக்கு?” என்று கேட்டார். சொன்னேன். “ஆபரேஷன் நல்லபடியா நடக்கும், இன்ஷா அல்லாஹ். நான் துவா செய்யிறேன்னு சொல்லுங்க” என்றார்.

ஆட்டோ கிடைத்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விசேஷங்கள் முடிந்து மதுரை முழுவதும் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு வேன், ஒவ்வொரு வேனிலும் தாம்பூலப் பைகள். கோச்சடைக்கு வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. என் வீடு பூட்டியிருந்தது. ஸ்டெல்லா காத்திருக்கவில்லை; கதவில்லாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெபமாலையோடு கிளம்பிவிட்டார்கள். நான் டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தபோது கடைசி மன்றாட்டு போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷெரின் என் கையில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

ஜெபம் முடிந்ததும் நான் தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன். நாற்காலியில் இருந்த தேவசகாயம் சார் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

“என்ன வாத்தியாரே, என்னமோ பிரிக்கிறீங்க?”

“கண்ணாடி சார். பெட்டிக்குப் போடணும்.”

“அப்ப இப்பக் கண்ணாடி இல்லயா?”

இல்லை என்றேன். வசவுக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் நாற்காலியின் கைப்பிடியில் கையை ஊன்றி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, “இத்தன வருஷமா வீட்டுக்கு வரும்போதெல்லாம் கண்ணாடியத்தான் உதட்டால தொட்டு முத்தி செஞ்சிருக்கேன்” என்றார். “கண்ணு தெரிஞ்ச வரைக்கும் அது பெருசாத் தெரியல. இப்ப ஜில்லுனு ஒரு பலகை மாதிரிதான் இருக்கு. உள்ள இருக்காரா இல்லையான்னே தெரியாது.” கையை முன்னால் நீட்டினார். “மேரி, என்னைய அங்க விடேன்.”

டீச்சர் கையைப் பிடித்துப் பெட்டியின் முன் நிறுத்தினார். சற்றுமுன்தான் வலிக்கென்று கைக்குத் தைலம் தேய்த்துவிட்டிருந்தார். கூடம் முழுக்க அந்த வாசனை. சாரின் விரல்கள் முதலில் அங்கியின் மடிப்பைத் தொட்டன. மேலே ஏறிக் குழந்தையின் காலைக் கண்டுபிடித்து, அங்கேயே வெகுநேரம் நின்றன. பிறகு தாடை, மூக்கு, நெற்றி. உச்சிக்குப் போனதும் விரல்கள் வட்டமாகச் சுற்றின.

“அட, நடுவுல வழுக்க” என்றார். “நம்ம கேஸுதான்.”

எல்லாரும் சிரித்தோம். டீச்சர் சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். சார் கையை எடுக்காமலே, “வாத்தியாரே, நாளைக்குப் போயிட்டு வந்தப்புறம் மாட்டிக்கலாமா?” என்று கேட்டார். நான் அட்டையை மறுபடியும் கட்டி வைத்தேன். நாலு நாள் நாயாக அலைந்து கொண்டுவந்த கண்ணாடியை யாரும் கேட்கவில்லை என்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்ததும், “வெளிச்சம் தெரியுது, ஆளு தெரியல. பாப்போம்” என்றார் சார். பாயின் துவாவைச் சொன்னேன். கண் தெளிந்ததும் அவரைப் பார்க்கப் போக வேண்டும் என்றார்.

அடுத்த ஞாயிறு காலை கதவைத் திரும்பப் பொருத்திக் கண்ணாடி மாட்டப் போனேன். காடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆணி அடிக்குமுன் உள்ளே பார்த்தேன். அந்தோணியாரின் உச்சியிலும் குழந்தையின் காலிலும் தைலக் கறை, ரேகை தெரியும்படி. வாரம் முழுக்கத் தொட்டிருக்கிறார். ஸ்டெல்லா துணி கொடுத்தனுப்பியிருந்தாள். அதைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு ஆணியை அடித்தேன்.

அன்று சாயங்காலம் அடுத்த வீட்டில் பெட்டியை வைத்ததும், வீட்டுக்கார அம்மா கிட்டே வந்து பார்த்து, “என்ன சார், சரியாத் துடைக்காமலே போட்டுட்டீங்களா? சாமி தலையில ஏதோ பிசுபிசுன்னு இருக்கு” என்றார். சயின்ஸ் வாத்தியாருக்குக் கண்ணாடிகூட ஒழுங்காக மாட்டத் தெரியாது என்பது அன்பியம் முழுவதும் ஏற்கெனவே நிலைத்துவிட்ட கருத்து. நான் தலையை ஆட்டிக்கொண்டு வேட்டி நுனியால் வெளிப்பக்கத்தைத் தேய்த்தேன்.

“சார், கறை உள்ள இருக்கு” என்றாள் ஷெரின்.

“தெரியும்.”

அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து உள்ளே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, நான் காப்பி குடித்துக்கொண்டிருந்த எவர்சில்வர் டம்ளரைக் கையில் இருந்து வாங்கிக்கொண்டுபோய் அடுக்களையில் வைத்தாள்.